வளர்ப்புக் கிளிக்குக் கால் வளையம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரில் மாலைதோறும் கூட்டமாய் வந்தடையும் பச்சைக்கிளிகள் பற்றிய ஞாயிறு செய்தியைப் படித்தேன். அழகுதான், ஆனால் ஆண் கிளிக்குக் கழுத்தில் செவ்வளையம் உள்ள அந்த இனம் இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்காவுக்கு உரியது. அது மரப்பொந்தில்தான் முட்டையிடும். நம் நாட்டு நீண்டவால் கிளிக்கும் அதே பொந்துதான் வேண்டும். கம்பளிப்புழுக்களை ஒழிக்க 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்த காக்கைகள் எப்படிப் பெருகின என்பதை மறக்கலாமா?

எங்கள் பக்கத்து வீட்டுக் கிளி போன வருடம் கூண்டு திறந்திருந்த நேரத்தில் பறந்துவிட்டது. அப்புறம் மரத்தில் நான்கு கிளிகளைப் பார்த்தோம், அதில் எது பறந்துபோன கிளி என்றே தெரியவில்லை. விற்கும்போதே எண்ணிட்ட கால் வளையம் மாட்டி, வாங்குபவர் பெயரையும் பதிவு செய்யும்படி கடைகளுக்கு வனவிலங்குத் துறை உத்தரவிட வேண்டும்.

ஒரு வாசகி,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்