டேட்டா லாக்கர் தவறான பதிவு தருவது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: இக்னிஷன் டியூனிங் யூனிட்டைச் சரிசெய்து தருவது அல்லது பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே கதையை உங்கள் உதவி மையத்தில் எத்தனை பேரிடம் ஒப்பித்தேன் என்று எண்ணிப் பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை. யார் எடுத்தாலும் "முதலிலிருந்து சொல்லுங்கள்" என்கிறார். ஆகவே எழுத்திலேயே தருகிறேன்.

குறை இதுதான். எஞ்சின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் உங்கள் யூனிட்டின் லாக்கரில், நாக் (எரிபொருள் கட்டுப்பாடின்றி எரிந்து எஞ்சின் இடிப்பது) காரணமாக டைமிங் (தீப்பொறி எத்தனை டிகிரி முன்னதாக விழுகிறது என்ற அளவு) குறைந்ததைக் காட்டும் கோடு, ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்), மேனிஃபோல்டு அழுத்தம் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) ஆகியவற்றின் கோடுகளுக்கு அரை வினாடி பிந்தி ஓடுகிறது. இணைத்துள்ள பதிவைத் தயவுசெய்து திறந்து பாருங்கள். டாப் கியரில், பின்னிருக்கையில் ஆளும் பெட்டிகள் நிறையச் சாமானுமாக மேடு ஏறுகிறேன். 2,400 ஆர்பிஎம், 95 கிலோபாஸ்கல். எஞ்சின் இடிப்பது ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்கிறது. பதிவிலோ டைமிங் குறைப்பு பூஜ்யம். த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) மூடி, அழுத்தம் 30-க்கு இறங்கிய பிறகுதான் 5 டிகிரி குறைப்பு ஆரம்பமாகிறது! மூடிய த்ராட்டிலில் எந்த எஞ்சினய்யா இடிக்கும்? குறைத்த டைமிங் மெல்ல மெல்லத்தான் மீளும் என்பது எனக்கும் தெரியும். நான் கேட்பது அது மீள்வதைப் பற்றியல்ல, தொடங்குவதைப் பற்றி.

3,000 ஆர்பிஎம்மில் அரை வினாடிக்குள் கிராங்க் 25 சுற்று சுற்றிவிடும். இந்தப் பதிவை நம்பி உங்கள் மென்பொருளே பரிந்துரைத்த டைமிங் அட்டவணை, சமதரையில் நிதானமாக ஓடும் கட்டங்களில் 36 டிகிரியை 28-க்கு இறக்கியிருக்கிறது. இடிக்கிற கட்டங்களைத் தொடவே இல்லை. வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது, எக்ஸாஸ்ட் கொதிக்கிறது, மேட்டில் இடிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

இதைப் பொறுமையாக விளக்கியபோது உங்கள் ஊழியர் ஒருவர், "லாக் படிக்க உங்களுக்குத் தெரியுமா? நல்ல பெட்ரோல் போட்டு ஓட்டுங்கள்" என்றார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரோடு சிரித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று நீங்கள்தானே அறிவிக்கிறீர்கள்? அந்தப் பதிவை நீங்கள் ஒரு முறை கேட்க வேண்டும். பெட்ரோல் மோசம் என்றே வைத்துக்கொள்வோம். மோசமான பெட்ரோல் கோட்டை அரை வினாடி தள்ளி வரையுமா?

சர்வீஸ் சென்டருக்கு நேரில் வரச் சொன்னீர்கள். முன்பதிவு செய்து, விடுப்பு எடுத்து, விடியலில் கிளம்பிப் போனேன். யூனிட்டை லேப்டாப்பில் இணைக்கும் கேபிள் அங்கே இல்லை. மாலை வரை உட்கார வைத்து, கேட்காமலேயே வண்டியைக் கழுவி, "பரிசோதிக்கப்பட்டது, குறை எதுவும் இல்லை" என்று எழுதி அனுப்பினார்கள். எதைக் கொண்டு பரிசோதித்தார்கள், துணியைக் கொண்டா?

சொல்ல விட்டுப்போனது: ஃபர்ம்வேரை, அதாவது யூனிட்டுக்குள் இருக்கும் மென்பொருளை, புதுப்பித்த பிறகுதான் இந்தக் கோளாறு வந்தது. பழைய ஃபர்ம்வேரைக் கேட்டேன், கொடுக்க மறுத்துவிட்டார்கள். உங்கள் பொறியாளர்கள் மீது எனக்கு இன்னும் மதிப்பு உண்டு; இந்தப் பதிவை அவர்களில் ஒருவர் கண்ணில் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். நாளைக்கு பிஸ்டனில் ஓட்டை விழுந்தால் எஞ்சினுக்கு யார் பொறுப்பு? என் நிம்மதி, என் பயணங்கள், வாழ்நாள் சேமிப்பு எல்லாம் இந்த வண்டியில்தான் இருக்கிறது. அத்தனையும் பாழாகிக் கிடக்கிறது.

15 நாட்களுக்குள் பழைய ஃபர்ம்வேரையோ, திருத்திய ஃபர்ம்வேரையோ தாருங்கள். இரண்டும் முடியாதென்றால் யூனிட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள். இல்லையேல் இதே பதிவுகளோடு நுகர்வோர் வழக்குத் தொடுப்பேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்று இப்போதும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பதில் எழுத்தில் வரட்டும். பெட்ரோல் யோசனை சொன்னவரை மறுபடியும் என்னிடம் பேசவிட வேண்டாம்.