எண்களைக் கூட்டுவதற்கு முன்: மீளாய்வு தொடங்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புத் தம்பிக்கு,

மெட்டா பகுப்பாய்வு செய்ய, அதாவது பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து ஒரே முடிவாகக் கணக்கிட, எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருந்தாய். மருத்துவ மீளாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்பின் ரெவ்மேன் போதும். ஆர் என்ற புள்ளியியல் கணினிமொழி தெரிந்தால் இன்னும் நல்லது, அது இலவசம். கணக்கை விரைவாகவே கற்றுக்கொள்வாய், அதில் எனக்குக் கவலை இல்லை. ஆனால் “ஏற்கெனவே வெளியான கட்டுரைகளைத் திரட்டுவதுதானே, சீக்கிரம் முடிந்துவிடும்” என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு கேள்வியைப் பற்றிய எல்லா ஆய்வுகளையும் முன்கூட்டி வகுத்த முறைப்படி தேடி மதிப்பிடும் முறையான மீளாய்வு பிறருடைய ஆய்வுகளின் தொகுப்பு அல்ல, அதுவே ஓர் ஆய்வு. அதன் பின்னால் நோயாளிகள் இருக்கிறார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு 1959 முதல் 1988 வரை 33 சோதனைகள் நடந்தன. ஜோசப் லாவும் அவருடைய குழுவினரும் அவற்றை வெளியான வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டு 1992-இல் வெளியிட்டார்கள். 8 சோதனைகளும் 2,432 நோயாளிகளும் மட்டுமே சேர்ந்திருந்த 1973-ஆம் ஆண்டிலேயே மருந்து உயிர்காக்கிறது என்பது தெளிவாகியிருந்தது. அதற்குப் பிறகும் 25 சோதனைகள் நடந்தன, அவற்றில் 34,542 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். முடிவு ஏறக்குறைய மாறவே இல்லை. அந்தச் சோதனைகளில் மருந்து கிடைக்காத பிரிவில் இடம்பெற்றவர்களை நினைத்துப் பார். 1973-இல் ஒருவர் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்திருந்தால் என்ற எண்ணம் என்னை இன்றும் விடுவதில்லை.

இதே கணக்கு ஏமாற்றியும் இருக்கிறது. மாரடைப்பில் நரம்பு வழியாக மக்னீசியம் செலுத்தினால் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்று 7 சிறிய சோதனைகளைச் சேர்த்த மெட்டா பகுப்பாய்வு ஒன்று 1991-இல் சொன்னது. 58,050 நோயாளிகளைச் சேர்த்த ஐசிஸ்-4 சோதனை 1995-இல் வெளியானபோது அந்தப் பலன் காணவில்லை. ஏன் இப்படி ஆனது என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் முதலில் எழும் சந்தேகம் ஒன்று உண்டு: பலன் காட்டாத சிறிய சோதனைகள் அச்சேறாமலே போயிருக்கலாம்.

அப்படி நடப்பது வெறும் ஊகம் இல்லை. மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் பதிவான 74 சோதனைகளை எரிக் டர்னரின் குழு 2008-இல் ஆராய்ந்தது. சாதகமான முடிவு வந்த 38-இல் 37 வெளியாகியிருந்தன. மற்ற 36-இல் 22 வெளியாகவே இல்லை. 11 வெளியாகியிருந்தாலும் சாதகமானவைபோல எழுதப்பட்டிருந்தன. உள்ளதை உள்ளபடி சொன்னவை மூன்றே மூன்று. இதழ்களை மட்டும் படித்தவருக்கு எல்லா மருந்தும் நன்றாக வேலை செய்வதாகவே தோன்றியிருக்கும்.

ஆகவே தேடலில்தான் உன் நேரத்தின் பெரும்பங்கு போக வேண்டும். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளம் மட்டும் போதாது. எம்பேஸ் என்ற இன்னொரு கட்டுரைத் தரவுத்தளம், காக்ரேன் நூலகத்தின் சோதனைத் தொகுப்பு, மருத்துவச் சோதனைப் பதிவேடுகள் ஆகியவற்றிலும் தேடு. பதிவேட்டில் முடிந்ததாகக் குறிக்கப்பட்டும் கட்டுரையாக வராத சோதனை கண்ணில் பட்டால் அதை நடத்தியவர்களுக்கு எழுதிக் கேள். கட்டுரைகளை வகைப்படுத்தப் பப்மெட் பயன்படுத்தும் மெஷ் தலைப்புகளோடு, ஆசிரியர்கள் தலைப்பிலும் சுருக்கத்திலும் இயல்பாக எழுதும் சொற்களையும் சேர். ரத்தசோகை போன்றவற்றுக்கு பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் வேறு, அமெரிக்க எழுத்துக்கூட்டல் வேறு. ஒன்றை விட்டால் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் கைநழுவும். மருத்துவ நூலகர் ஒருவரை இப்போதே பிடி. அவரைக் கடைசியில் நன்றி சொல்லிவிட்டு மறப்பது இந்தத் துறையின் கெட்ட பழக்கம். தேடலை வடிவமைத்தவர் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக இருப்பதே நியாயம்.

தேடலுக்கும் முன்னால் வருவது கேள்வி. “உடற்பயிற்சி நீரிழிவுக்கு நல்லதா” என்று எழுதியிருக்கிறாய். இது இன்னும் கேள்வியாகவில்லை. யாருக்கு, எந்த உடற்பயிற்சி, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவை எத்தனை மாதம் கழித்து அளந்து? இவற்றுக்கு விடை எழுதி, எந்தச் சோதனையைச் சேர்ப்பாய், எதை விலக்குவாய் என்பதையும் முடிவுசெய்து, மீளாய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதியும் ப்ராஸ்பெரோ பதிவேட்டில் பதிவு செய். சடங்குக்காகச் சொல்லவில்லை. முடிவுகளைப் பார்த்துவிட்ட பிறகு நேர்மையான ஆள்கூடத் தனக்குப் பிடிக்காத சோதனையை விலக்க நல்லதொரு காரணம் கண்டுபிடிப்பார். தன்னை அறியாமலே செய்வார். மீளாய்வு அறிக்கைக்கான பிரிஸ்மா சரிபார்ப்புப் பட்டியலின் 27 அம்சங்களையும் நிரப்பிவிட்டால் மீளாய்வு தரமானதாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். செய்ததை எப்படி அறிக்கையாக்குவது என்றுதான் அது சொல்கிறது. செய்தது சரியா என்பதற்கு அது சான்று தராது.

கட்டுரைச் சுருக்கங்களைச் சலித்துத் தேர்ந்தெடுப்பதும் தரவு எடுப்பதும் இருவர் தனித்தனியே செய்ய வேண்டியவை. தரவு எடுக்கும்போது ஒன்றை மட்டும் கூர்ந்து பார். சராசரிக்குப் பக்கத்தில் உள்ள எண், நோயாளிகளிடையே உள்ள பரவலைக் காட்டும் திட்ட விலக்கமா, சராசரி எவ்வளவு துல்லியம் என்பதைக் காட்டும், அதைவிடச் சிறிய திட்டப் பிழையா? பிழையை விலக்கமென்று எடுத்துக்கொண்டால் அந்தச் சோதனை மிகத் துல்லியமானதாகத் தோன்றி, மொத்த முடிவையும் தன் பக்கம் இழுத்துவிடும். ஒரே சோதனை இரண்டு மூன்று கட்டுரைகளாக வந்திருக்கிறதா என்றும் பார். ஒண்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்தில் இப்படி மறுபடி வந்த தரவுகளையும் சேர்த்தபோது அதன் பலன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்ததை மார்ட்டின் ட்ராமரும் உடனிருந்தவர்களும் 1997-இல் காட்டினார்கள்.

கடைசியாகத்தான் கூட்டல். சோதனைகளின் முடிவுகள் எவ்வளவு முரண்படுகின்றன என்பதைக் காட்டும் ஐ-ஸ்கொயர் அதிகமாக வந்தால், உண்மையான பலன் சோதனைக்குச் சோதனை மாறலாம் என்று கொள்ளும் ரேண்டம் எஃபெக்ட்ஸ் கணக்கு மாதிரிக்கு மாறிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. நம்பாதே. மாதிரியை மாற்றினால் சோதனைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மறைந்துவிடாது. இளைஞர்களுக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி தந்த சோதனையையும், முதியவர்களை ஓர் ஆண்டு நடக்க வைத்த சோதனையையும் சேர்த்து வரும் சராசரி யாருக்குப் பொருந்தும்? பொருந்தாது என்று தோன்றினால் கூட்டாமலே எழுது. ஒவ்வொரு சோதனையின் முடிவையும் ஒரு கோடாகக் காட்டும் ஃபாரஸ்ட் பிளாட் படத்தின் அடியில், கூட்டிய முடிவைக் குறிக்கும் வைரக்குறி இல்லாத மீளாய்வும் முழுமையான மீளாய்வுதான். அப்படி ஒன்றை இதழுக்கு அனுப்பும்போது, ஏன் கூட்டவில்லை என்று மதிப்பீட்டாளர் கேட்பார். காரணத்தைச் சொல், விட்டுக்கொடுக்காதே.

கேள்வியைத் திருத்தி, புரோட்டோகால் எனப்படும் மீளாய்வுத் திட்டத்தின் வரைவை அனுப்பு. நூலகர் ஒருமுறை பார்த்த தேடல் உத்தியையும் இணைத்தால் நல்லது. சலிப்பதற்கு இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை என்றால் தயங்காமல் சொல், நான் உட்காருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்