செயலாளர் ஆண்டறிக்கை: முதியோர் இல்லவாசிகள் நலச் சங்கம், கோவை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. பொங்கல் விழாவும் கண் பரிசோதனை முகாமும் நடந்தன. ஜூன் 15, முதியோர் கொடுமை எதிர்ப்பு விழிப்புணர்வு நாளில் துண்டறிக்கை கொடுத்தோம்.

இவ்வாண்டு என் நேரமெல்லாம் ஒப்பந்தங்களைப் படிப்பதில்தான் போனது. லட்சக்கணக்கில் முன்பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் பலரிடம் கையெழுத்துப் போட்ட தாளின் நகல்கூட இல்லை. மாதக் கட்டணத்தை எவ்வளவு ஏற்றுவார்கள், படுத்த படுக்கையானால் வைத்துப் பார்ப்பார்களா, வெளியேறினால் முன்பணம் எப்போது திரும்பும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் யாரும் சேர வேண்டாம். ஓய்வுக்கால இல்லங்களுக்காக மத்திய அரசு 2019இல் மாதிரி வழிகாட்டுதல்களே வெளியிட்டிருக்கிறது. கேட்பது நம் உரிமை.

ஓர் இல்லத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் கட்டிலருகே இருந்த அழைப்பு மணிக் கயிற்றை எட்டாத உயரத்தில் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். ராத்திரியில் அடிக்கடி மணி அடிக்கிறாராம். கழிப்பறைக்குப் போக வேறு யாரைக் கூப்பிடுவார்? அவருடைய செல்போனும் ஆபீஸ் டிராயரில் இருந்தது. எழுத்தில் புகார் கொடுத்த பிறகே இரண்டும் அவர் கைக்கு வந்தன. "எம் பேரைப் போட்றாதீங்க தம்பி, நாளைக்கும் நான் இங்கதானுங்க இருக்கோணும்" என்றார் அந்த அம்மா. அதனால்தான் எல்லாக் கடிதங்களையும் சங்கத்தின் பெயரில் அனுப்புகிறோம்.

பிள்ளைகள் கைவிட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் இருக்கிறது. இயலாத முதியவருக்காக, அவர் ஒப்புதலுடன் பதிவுபெற்ற சங்கமே மனுக் கொடுக்கலாம். இல்லத்தின் சேவையில் குறை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை. முதியோர் உதவித் தொலைபேசி எண் 14567.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படம் போடுகிற பலர் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. பெற்றோருக்காக நம்மிடம் உதவி பெற்று, வேலை முடிந்ததும் சந்தாவை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. மனம் வருந்துகிறது.

வரவு செலவு தணிக்கை முடிந்தது, பொருளாளரிடம் பார்க்கலாம். சிறு தொகையே கையிருப்பு. தபால், நகல், போக்குவரத்துச் செலவே அதிகம். தலைவர், பொருளாளர், மண்டபம் தந்தவர்கள், மருத்துவக் குழுவினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஒவ்வோர் இல்லத்திலும் இல்லவாசிகள் குழு அமைக்க எண்ணம். இந்தப் பொறுப்பில் தொடர எனக்குத் தயக்கமில்லை. ஆனால் துணைக்கு இருவராவது வந்தால்தான் நடக்கும். கூட்டம் கலையுமுன் பெயர் கொடுங்கள். பாக்கிச் சந்தாவையும் இன்றே செலுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்