வாடை பிடிக்க முன்னம்

அன்பின் மச்சான்,

சுகம்தானே? இஞ்ச மழை விட்டபாடில்லை. வாடைக் காத்து இன்னும் சரியாப் பிடிக்கேல்லை, ஆனா பெடியள் இப்பவே மூங்கில் சீவத் தொடங்கீட்டாங்கள். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில என்ன பட்டம் ஏத்தப் போறாங்களோ, கேட்டால் வாய் திறக்கிறாங்கள் இல்லை.

எங்கட பட்டக்காரரின்ர கதைக்கு வாறன். வாட்ஸ்அப்பில இந்த மார்கழியும் அதே கேள்விதான்: எட்டுமூலைப் பட்டத்துக்கு முச்சை (ஏத்துற நூலைப் பிணைக்கப் பட்டத்தில கட்டுற கயிறு) எவ்வளவு நீளம் விடுறது? போன வருசம் நீ அளவோட, படத்தோட விளக்கமாப் போட்டனி. இப்ப ஆர் மேல தள்ளித் தேடுறது? அதுக்குத்தான் கருத்துக்களம் வேணும் எண்டு நிக்கிறன்.

நீ சொன்ன டிஸ்கோர்ஸ் எண்ட களம் நடத்திற மென்பொருளை ஒரு கிழமை இருந்து பாத்தன். நல்ல சாமான்தான். மின்னஞ்சலில பதில் எழுதினால் அப்பிடியே இழையில கொண்டுபோய்ச் சேர்க்கும். உன்ர பெரியப்பாவுக்கு அதைவிட வேறென்ன வேணும்? ஆனா குறைஞ்சது 1 ஜிபி ராம் உள்ள சேர்வர் வேணும். டொக்கர், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் எண்டு உள்ளுக்க வேற மென்பொருள்களின்ர ஒரு பட்டாளமே குடியிருக்கு. 60 பேருக்கு இவ்வளவும் தேவையோ? (பகிடி என்னெண்டால், 20 எழுத்துக்குக் குறைஞ்ச பதிலை அது ஏற்காது. எங்கட ஆக்கள் "ஓம்" எண்டதுக்கு மேல என்னத்தை எழுதிறவை! அமைப்பில மாத்தலாம் எண்டது வேற கதை.)

ஃபிளாரம் எண்ட இன்னொரு கள மென்பொருள் பாக்க வடிவு. ஆனா அதை வழமையா கொம்போசர் எண்ட கருவியாலதான் நிறுவுறது, எனக்கு அது கைவரேல்லை.

கடைசியில பிஎச்பிபிபி எண்ட பழைய கள மென்பொருளிலதான் வந்து நிக்கிறன். 2000ஆம் ஆண்டில வந்தது, முகமும் அந்தக் காலத்து முகம்தான். சிரிக்காத. மலிவான ஹோஸ்டிங்கிலயும் ஓடும். பேக்கப் எண்டால் முக்கியமா ஒரு தரவுத்தளக் கோப்பும் பதிவுகளோட சேர்த்த படங்கள், கோப்புகள் கிடக்கிற போல்டரும்தான். நாளைக்கு நான் படுத்தாலும் கம்பியூட்டர் படிச்ச ஒரு பெடியன் அரை நாளில பொறுப்பெடுத்திடுவான். டிஸ்கோர்ஸை நான் இல்லாமல் இஞ்ச ஆர் பாப்பினம், சொல்லு?

முந்தி நாங்கள் வைச்சிருந்த களம் என்ன ஆச்செண்டு மறந்திட்டியே? ஓசி ஹோஸ்டிங், ஒருநாள் திறந்தால் பக்கமே இல்லை. பட்டத்தில காத்துக்குக் கூவுற விண் கட்டுறதைப் பற்றி ஐயா எழுதின அவ்வளவும் அதோட போச்சு. அப்ப நீ பிரதி எடுத்து வைச்ச கொஞ்சம்தான் மிச்சம். அதுவும் பாமினி எண்ட பழைய எழுத்துருவில கிடக்கு. யூனிகோடுக்கு மாத்தாமல் போட்டால் "முச்சை" எண்டு தேடினாலும் ஒண்டும் வராது. அந்த மாத்திற வேலை உன்ர தலையில. ஒவ்வொரு மாதமும் பேக்கப்பில ஒரு பிரதி உனக்கு அனுப்புவன், அங்க கனடாவில பத்திரமா வை.

குப்பை விளம்பரக்காரரை மறிக்க, சேர வாறவையிட்ட நாங்களே ஒரு கேள்வி கேக்கிற வசதி இதில இருக்கு. தமிழிலயே போட்டிட்டன்: "பட்டத்தில நிண்டு கூவுறது எது?" நேற்றுத் தம்பி முறையான ஒருத்தன் "காகம்" எண்டு எழுதி வெளியில நிக்கிறான். இணைப்பு அனுப்பிறன், நீயும் ஒருக்காச் சேர்ந்து பார். மூண்டுசுழி "ண்" போட மறந்தாயெண்டால் உன்னையும் விடாது.

அன்புடன்,
உன்ர மச்சான்