பென்சிலின் மட்டுமா காரணம்?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

இங்கிலாந்தில் குழந்தை இறப்பு குறைந்த கதையைச் சென்ற இதழில் படித்தேன். கட்டுரையாளர் மொத்தப் பெருமையையும் பென்சிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கும், 1948-இல் வந்த தேசிய சுகாதார சேவை என்ற அரசின் இலவச மருத்துவத் திட்டத்துக்கும் கொடுத்துவிட்டார். 1900 வாக்கில் அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் 150 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 1947-இல் அது 40 சொச்சம். ஆக, பெரிய இறக்கம் அந்தச் சேவைக்கு முன்பே நடந்துவிட்டது.

வட இங்கிலாந்தில் உள்ள நியூகாசில் நகரத்தை அவர் விட்டுவிட்டதுதான் எனக்குக் குறை. நிலக்கரியும் கப்பல் கட்டும் தொழிலும் சோறு போட்ட ஊர். ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை மருத்துவர், 1939-இல் அங்கு இறந்த குழந்தைகள் எதனால் இறந்தன என்று ஆராய்ந்தார். நோய்த்தொற்றுதான் பெரிதாகத் தெரிந்தது. சரி, பிழைத்த குழந்தைகள் வீட்டில் எப்படி இருக்கின்றன? போர் முடிந்ததும் அதையும் பார்க்கக் கிளம்பினார். 1947 மே, ஜூன் மாதங்களில் அந்நகரத் தாய்மார்களுக்குப் பிறந்த 1,142 குழந்தைகளைக் கணக்கில் எடுத்து, செவிலியர்களை வீட்டுக்கே அனுப்பினார். ஓராண்டு என்று ஆரம்பித்தது, அந்தக் குழந்தைகள் பேரன் பேத்தி எடுக்கும் வயது வரை நீண்டது.

நானும் வீடு வீடாக நடந்தவள்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'நிமோனியா' என்று ஒரு சொல்தான் இருக்கும். வீட்டுக்குள் போனால்தான் ஈரச் சுவரும், ஒரே அறையில் படுக்கும் ஐந்தாறு பேரும், பள்ளிக்குப் போகும் அண்ணன் கொண்டுவரும் இருமலும் தெரியும். நியூகாசிலிலும் மூச்சு சம்பந்தமான தொற்றுதான் அதிகம். நெரிசலான வீடுகளில் அது இன்னும் கூடுதல். இதற்கு மருந்து மட்டும் என்ன செய்யும்?

பிறந்த முதல் மாதச் சாவு வேறு கணக்கு. குறைப்பிரசவம், பிரசவத்தில் படும் காயம், பிறவிக் கோளாறு எல்லாம் அதில் வரும். பிந்தைய மாதங்களின் சாவு வேகமாகக் குறைந்தது; முதல் மாதச் சாவு அவ்வளவு வேகமாகக் குறையவில்லை. கட்டுரையாளர் இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்பியிருக்க வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. பல ஆஸ்பத்திரிகள் தாயை வாரத்தில் ஏதோ ஒரு நாள் எட்டிப் பார்க்க மட்டும் விட்ட காலத்தில், ஸ்பென்ஸ் தாயையும் சேயோடு தங்க வைத்தார். தாய்ப்பால் நிற்கவில்லை, பிள்ளையும் பல கை மாறவில்லை. கட்டுரையின் அடுத்த பகுதியில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர் ஒருவர்