நீங்களும் நிற்கிற படம்

ஆம்ஸ்டர்டாம்
திங்கட்கிழமை இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். குளிர் பழகிவிட்டது, பின்னேரம் நாலரைக்கே இருட்டுவதுதான் இன்னும் பழகவில்லை. நீங்கள் தந்துவிட்ட மிளகாய்த்தூள் அடிப்போத்தலுக்கு வந்துவிட்டது.

போன கிழமை டச்சு வகுப்பில் எங்களை ரைக்ஸ்மியூசியம் என்ற இங்கத்தைய பெரிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். எல்லாரும் ரெம்பிரான்டின் ஓவியங்களைப் பார்க்க ஓட, நான் வேறொரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். எமானுவல் டி விட்டே 1680இல் வரைந்தது. படத்தில் இருப்பது, போர்த்துக்கல், ஸ்பெயின் பக்கம் இருக்கவிடாமல் இங்கே ஓடிவந்த யூதர்கள் 1675இல் கட்டி முடித்த தொழுகைக்கூடத்தின் உள்பக்கம். அவர்களை இருக்கவிடாமல் செய்தவர்களில் நல்லூர்க் கோயிலை இடித்த அதே போர்த்துக்கேயரும் உண்டு அம்மா.

பெரிய தூண்கள், பித்தளைத் தொங்குவிளக்குகள். தொப்பி போட்ட ஆண்கள், பாதிப்பேர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முன்னால் நாய் வேறு. கோயிலுக்குள் நாயை யார் விட்டது என்று நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள்.

கட்டடம் இன்னும் இருக்கிறதாம். இன்று லீவு, போய்ப் பார்த்தேன். அந்த மண்டபத்துக்குள் இன்றைக்கும் கரண்ட் இல்லை, ஆயிரம் மெழுகுதிரிதான். பலகைத் தரையில் மெல்லிசாக மணல் தூவியிருக்கிறார்கள். சப்பாத்து கொண்டுவருகிற தூசி, ஈரம், சத்தம் எல்லாவற்றையும் அது வாங்கிக்கொள்ளும். காலடியில் நறநறவென்றது. ஒரு நிமிடம் கோயில் வீதியில் நிற்கிற மாதிரி இருந்தது.

தூண், விளக்கு எல்லாம் படத்தில் பார்த்தபடியே. சனம்தான் குறைவு. ஹிட்லரின் நாசிப் படை இந்த நாட்டைப் பிடித்திருந்தபோது இங்கிருந்த யூதர்களில் நாலில் மூன்று பங்கு, ஒரு லட்சத்துக்கு மேல், கொல்லப்பட்டார்கள். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கேயே எட்ஸ் ஹயிம் என்று பழைய நூலகம். அதன் புத்தகங்களை நாசிகள் ஜெர்மனிக்கு அள்ளிப்போனார்களாம், போர் முடிந்த பிறகு அவை திரும்பி வந்தனவாம். எங்கள் யாழ்ப்பாண நூலகம் 1981இல் சாம்பலாய்ப் போனது. அதைப் பக்கத்தில் நின்ற யாரிடமும் சொல்ல எனக்கு டச்சு போதவில்லை.

அப்புறம் ஒரு வேலை. தம்பி அனுப்பிய வீட்டுப் படங்களில் சுவர்தான் இருக்கிறது, புதுப் பெயின்ட் காட்டுவதற்காக. அது வேண்டாம். கிணற்றடியில் நீங்கள், மாமி, ஜிம்மி எல்லாரும் நிற்க ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெட்கமென்றால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் சரி.

அன்பு மகன்