மீராவுக்குத் தொப்பி, உனக்கு வெயில்

தூத்துக்குடி

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அப்பாவுக்குத்தான் தூக்கம் இன்னும் ஊர் திரும்பவில்லை. விடிகாலை இரண்டரைக்கு எழுந்து காபி கேட்கிறார். கேட்டால், பிரிஸ்பேனில் இப்போது மணி ஏழு என்கிறார்.

வாட்ஸப்பில் சொல்லியிருக்கலாம். நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரெட்கிளிஃப் கடற்கரையில் நடந்ததைப் பற்றி நாம் அப்புறம் பேசவே இல்லை. நான் மீராவின் தொப்பியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன். நீ என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாய். "அம்மா, அவகிட்டயும் ஆரம்பிச்சிட்டியா? கறுத்துப் போயிருவான்னு என் பிள்ளை காதுல ஒரு வார்த்தை விழக் கூடாது" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். பதில் இல்லாமல் இல்லை. அந்த வார்த்தையை உனக்கு ஆயிரம் தடவை சொன்னவள் நான்தானே, எந்த முகத்தோடு பதில் சொல்வது?

அன்று வானம் மூடித்தான் இருந்தது. காற்று சிலுசிலுவென்று அடித்தது. வெயிலே இல்லையே என்று நானும்தான் நினைத்தேன். சாயங்காலம் குளிப்பாட்டும்போது தோளில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டாள். சட்டைப் பட்டை இருந்த இடம் மட்டும் இரண்டு கோடாக வெள்ளையாக இருந்தது, மற்றதெல்லாம் செக்கச்செவேலென்று கன்றிப்போயிருந்தது. கை வைத்தால் தோசைக்கல் பக்கத்தில் வைத்தது போல அனல். நாலாம் நாள் தோல் உரிந்தது, வெந்த சேப்பங்கிழங்கின் தோலைப் போல. அதைப் பிய்த்து விரலில் வைத்துக்கொண்டு, "ஆச்சி, நான் பாம்பா?" என்று கேட்டாள். நீ சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போனாய். சிரிப்பு நடுவழியில் நின்றுபோனது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை அந்த வாரம் சுரங்க வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அவர் அந்த ஊர்க்காரர், வாசல் தாண்டுவதற்கு முன்பே பிள்ளைக்கு வெயில் தடுக்கும் க்ரீம் பூசிவிடுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முப்பத்தோரு வருஷம் அறிவியல் பாடம் எடுத்தேன். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு படம் போடுவேன். தோலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெலனின் துணுக்குகள் உட்கருவுக்கு மேலே போய்க் குவிந்து, குடை பிடிப்பது போல நிற்கும். உட்கருவில்தானே டிஎன்ஏ இருக்கிறது? புற ஊதாக் கதிர் அதில் பட்டு உடைத்துவிடாமல் அந்தக் குடை தாங்கிக்கொள்ளும். உடைந்தது சரியாக ஒட்டாமல் போனால், அந்தத் தவறு வருஷக்கணக்கில் சேர்ந்து புற்றாக மாறலாம். இதையெல்லாம் அழகாக நடத்திவிட்டு, ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து கடலை மாவில் தயிரைக் குழைத்து, அந்தக் குடையைத்தான் உன் முகத்திலிருந்து தேய்த்து எடுக்கப் பார்த்தேன். இயற்கை உனக்குக் கொடுத்தனுப்பிய ஒரே காவல் அது. பாடம் நடத்திய வாய்க்கும் மாவு தேய்த்த கைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்திருக்கிறேன்.

பிளஸ் டூ லீவில் வாங்கிக் கொடுத்த ட்யூப் ஞாபகம் இருக்கிறதா? மருந்துக் கடையில் கேட்டு நானே வாங்கினேன், டாக்டர் சீட்டெல்லாம் கிடையாது. இரண்டு வாரம் பளிச்சென்று இருந்தாய், சித்தி கூடக் கேட்டாள் என்ன போடுகிறாய் என்று. மூன்றாம் மாதம் கன்னம் இரண்டும் சிவந்து, பொரிப்பொரியாகி, வெளியே போனாலே எரிகிறது என்று அழுதாய். திருநெல்வேலியில் பார்த்த தோல் டாக்டர் ட்யூபை வாங்கிப் படித்துவிட்டு, இதில் ஸ்டீராய்டு இருக்கிறது, தோலை மெலிதாக்கிவிடும் என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை, தினமும் நாலு பேர் இப்படி வருகிறார்கள் என்றார். அது இன்னும் கேவலமாக இருந்தது. உன்னிடம் அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

நீ அங்கே போய்த் தொப்பியும் குடையும் வேண்டாம் என்று திரிவது எனக்குப் புரிகிறது. உன் விஷயத்தில் அது பெரிய தப்பும் இல்லை. உனக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கிறது என்று அங்கே டாக்டர் மாத்திரை எழுதினாரே, நம் நிறத்துக்கு அந்தச் சத்து ஊற வெள்ளைத் தோலைவிட அதிக வெயில் வேண்டும். 2024-ல் ஆஸ்திரேலியாவில் பல மருத்துவ அமைப்புகள் கூடி, வெயிலில் இருப்பதைப் பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே விதி என்பதை விட்டுவிட்டு, தோலுக்குத் தக்கபடி ஜனங்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கறுத்த தோல்காரர்கள் நெடுநேரம் வெளியில் இருக்கும்போது மட்டும் கவனமாக இருந்தால் போதும், அன்றாடம் க்ரீம் பூசிக்கொள்ள வேண்டியதில்லை. ஆகவே மத்தியானம் ஆபீஸிலிருந்து இறங்கி நன்றாக நட. உன்னைப் பார்த்து வெயிலில் போ என்று அம்மா சொல்வது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கண்ணாடி மட்டும் போட்டுக்கொள். உப்பளத்தில் உப்பு வாரிய உன் தாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் சதை வளர்ந்திருந்தது நீ பார்த்ததுதான். மேலே வெயில், கீழே உப்பிலிருந்து எதிரடிக்கும் வெளிச்சம். கறுப்புத் தோல் கண்ணைக் காக்காது.

ஆனால் மீரா வேறு. அவளுக்கு உன் கண், உன் பிடிவாதம், அவள் அப்பாவின் தோல். மூக்கின் மேல் அந்தப் பொட்டுப் பொட்டான புள்ளிகளை நீ ஆசையாக எண்ணுவாய், நானும் எண்ணினேன். அவளிடம் நம் குடை இல்லை, கயல்.

சம்பந்தியை நினைத்துப் பார். பண்டபர்க் போயிருந்தபோது ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் தன் காதைக் காட்டினாரே. மேல் விளிம்பில் எலி கடித்தது போல ஒரு துண்டு இல்லை. வாழ்க்கை முழுக்கக் கரும்புத் தோட்டத்தில் நின்றவர், தலையில் விளிம்பு முன்னால் மட்டும் நீண்ட அந்தக் குல்லா, காதும் பிடரியும் திறந்தே கிடந்திருக்கின்றன. மூக்கில் இரண்டு தடவை, முதுகில் ஒரு தடவை புற்றை வெட்டியிருக்கிறார்கள். திரவ நைட்ரஜனில் உறையவைத்து எடுத்ததற்குக் கணக்கே இல்லை என்று சிரித்தார். சட்டையை மாட்டு, க்ரீமைப் பூசு, தொப்பியைப் போடு என்று ஒரு கடற்பறவை டிவியில் ஆடிப்பாட ஆரம்பித்தது 1981-ல். அதற்குள் எனக்கு இருபத்தெட்டு வயசாகிவிட்டது என்றார். அந்த நாட்டில் எழுபது வயதுக்குள் மூன்று பேரில் இருவருக்கு ஏதாவது ஒரு தோல் புற்று வந்துவிடுகிறது. பெரும்பாலும் உயிரை எடுக்காத வகைதான், மெலனோமா என்கிற வகை மட்டும் அப்படியில்லை.

நம் ஊர் வெயில் அங்கே அடிப்பதைவிட இளப்பம் இல்லை. ஐரோப்பாவில் மங்கின வெளிச்சத்துக்குப் பழகின தோல், நீ இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்து வெயிலில் போய் நின்றதுதான் அங்கே வினை. அதோடு தென்கோளத்துக் கோடையில், ஜனவரியில், பூமி சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டே வேறு வந்துவிடுகிறது.

பண்டபர்க் போகும் வழியில் நம்பூர் என்று பலகை பார்த்து, இது நம்ம ஊர் என்று அப்பா கேலி செய்தாரே. அந்த ஊரைப் பற்றி இங்கே வந்து படித்தேன். 1992-ல் அங்கே 1,621 பேரைச் சேர்த்து ஒரு சோதனை தொடங்கினார்கள். பாதிப் பேர் தலை, கழுத்து, கைகளில் தினமும் க்ரீம் பூச வேண்டும், மீதிப் பேர் அவரவர் இஷ்டம். நாலரை வருஷம் நடந்தது. தினமும் பூசியவர்களிடம் செதிள் செல் புற்று என்கிற தோல் புற்று சுமார் நாற்பது சதவீதம் குறைந்திருந்தது. சோதனை முடிந்து பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது மெலனோமாவும் அவர்களிடம் பாதியாக இருந்தது. விளம்பரத்துக்காக யாரோ சொன்ன கதை இல்லை, நாம் காரில் கடந்து போன ஊர்.

நீ மீராவுக்குப் பூசும் அளவைப் பார்த்தேன். பட்டாணி அளவு எடுத்து இரண்டு கைக்கும் இழுக்கிறாய். பெரியவர்களுக்கு ஒரு கைக்கு ஒரு டீஸ்பூன், ஒரு காலுக்கு ஒரு டீஸ்பூன் என்பது கணக்கு. அவள் சின்னவள், கொஞ்சம் குறையும், ஆனால் பட்டாணி இல்லை. கிளம்புவதற்கு இருபது நிமிஷம் முன்பே பூசிவிடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும். துண்டால் துடைத்தால் க்ரீமும் துண்டோடு போய்விடும். எனக்கென்னவோ க்ரீமைவிடத் துணியில்தான் நம்பிக்கை. துணி வியர்வையில் வழியாது, மறந்தும் போகாது.

சூட்டை வைத்துக் கணக்குப் போடாதே. அன்று நாம் ஏமாந்தது அதில்தான். நம்மைச் சுடுவது வேறு கதிர், தோலைக் கெடுப்பது வேறு கதிர். மேகம் மறைத்தாலும் பின்னது கணிசமாக இறங்கிவிடும், மணலில் பட்டு மேலேயும் வரும். புற ஊதாக் கதிரின் அளவைச் சொல்லும் யுவி எண் செல்போனில் 3 என்று காட்டினாலே தொப்பி. அங்கே கோடையில் 12 எல்லாம் சாதாரணம். மீராவுக்கு இதை வீடியோவில் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் ஓடிப்போய்த் தொப்பியை எடு. நேற்று வாசலில் நின்று நிழலை அளந்துவிட்டு, "ஆச்சி, குட்டை!" என்று கத்தினாள். குளிர்காலத்தில் மட்டும் இந்தக் கணக்கு அங்கே பலிக்காது. நடுப்பகலிலும் நிழல் ஆளைவிட நீளமாக விழும், ஆனால் யுவி 3-ஐத் தாண்டியிருக்கும். ஜூன், ஜூலையில் போனைத்தான் பார்க்க வேண்டும்.

உனக்கு இன்னும் ஒன்று, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நிறத்துக்காரர்களுக்கு மெலனோமா அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வரும். அதற்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, க்ரீம் தடுக்காது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்துக்கு அடியில்தான் வந்தது. 1981-ல் இறந்தபோது வயது 36. மாதம் ஒரு தடவை குளித்துவிட்டு வந்து பாதத்தைத் திருப்பிப் பார். புதுசாகக் கறுப்பு மச்சமோ, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கோடோ தெரிந்தால் டாக்டரிடம் காட்டு.

பார்சல் ஒன்று அனுப்புகிறேன். மீராவுக்கு நம் தையல்காரரிடம் முழுக்கைச் சட்டை இரண்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன், காலர் பிடரி வரை ஏறும்படி. துணிக்கடையில் வெளுத்த மஞ்சளை எடுத்துப் போட்டார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், என் விரல் தெரிந்தது. விரல் தெரிந்தால் கதிரும் நுழையும். நெருக்கமான நெசவு, அடர்ந்த நிறம், இவைதான் தடுக்கும். கருநீலத்தில் எடுத்தேன்.

எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்பதாம் வகுப்புத் தீபாவளிக்கு நீ இதே நிறத்தில் பாவாடை கேட்டாய். இந்த நிறம் உனக்கு எடுக்காது என்று சொல்லி ரோஸ் எடுத்துக் கொடுத்தேன், நீ அதை ஒரு தடவைக்கு மேல் உடுத்தவில்லை.

அதனால் கூட மூன்று மீட்டர் வாங்கிவிட்டேன். உனக்கு ஒரு குர்தா வரும். என்னிடம் இருப்பது கல்யாணத்துக்கு முந்தின அளவு, இப்போதைய அளவை எழுதி அனுப்பு. தையல்காரர் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டார்.

அன்புடன்,
அம்மா